லாஜிக் பார்க்காதே என்று சொல்லாதீங்க: ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ (1975)

டாரியோ அர்ஜெண்டோ என்ற பேரை எடுத்தாலே நண்பர்களிடமிருந்து ஒரு ரெடிமேட் வசனம் வரும். "கதையெல்லாம் தேடாதே மச்சி, கலரைப் பாரு, மியூசிக்கைக் கேளு." கேட்க பாராட்டு மாதிரி இருக்கும். உண்மையில் அந்த மனுஷனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. இன்னொரு கோஷ்டி, "கதையே இல்லாத ரத்தக்களறி" என்று ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளும். இரண்டு பேருமே படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

கொலைகாரர் யார் என்று சொல்லாமல் இந்தச் சண்டையைப் போட முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும். அவசரம் ஒன்றும் இல்லை.

கதை இதுதான். மார்க் என்ற ஆங்கிலேய பியானோ கலைஞன் இத்தாலியில் இருக்கிறான். ஒரு ராத்திரி, குடித்துவிட்டுக் கிடக்கும் நண்பன் கார்லோவோடு சதுக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, மேலே ஜன்னலில் ஒரு பெண் கொலை செய்யப்படுவதைப் பார்க்கிறான். ஓடுகிறான். வரிசையாக ஓவியங்கள் மாட்டிய நடைவழியைத் தாண்டி உள்ளே போகிறான். பிறகுதான் உறுத்தல் ஆரம்பிக்கிறது: அங்கே ஏதோ ஒரு ஓவியம் இருந்தது, இப்போது காணோம். கடைசியில் தெரிகிறது, அது ஓவியமே இல்லை, கண்ணாடி. அதில் தெரிந்தது கொலைகாரியின் முகம். கார்லோவின் அம்மா!

இதில் என்ன விசேஷம்? அந்த முகத்தை அர்ஜெண்டோ நமக்கும் காட்டிவிட்டார். முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே. டிவிடியைப் பின்னால் ஓட்டிப் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது. கடைசி ரீலில் புதிதாக ஒரு ஆளைக் கொண்டுவந்து "இவன்தான்" என்று கைகாட்டும் எத்தனை படங்களை நாம் மன்னித்திருக்கிறோம்! இங்கே விடையைக் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் நம்மைத் தேடவிடுகிறார். இதை லாஜிக் இல்லாத படம் என்றால் வேறு எதைத்தான் லாஜிக் என்பது?

அந்த ஒரு காட்சி மட்டும் என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். படம் முழுக்க இதே விஷயம்தான். குளியலறையில் சாகப்போகும் எழுத்தாளர் நீராவி படிந்த சுவரில் விரலால் எழுதுகிறார். ஆவி போனதும் எழுத்தும் போய்விடுகிறது, மறுபடி வெந்நீர் திறந்தால்தான் தெரியும். பாழடைந்த மாளிகையில் சுண்ணாம்புக்குப் பின்னால் ஒரு குழந்தை வரைந்த படம் இருக்கிறது. மார்க் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போன பிறகு இன்னொரு துண்டு உதிர்கிறது, அதன் பின்னால் இன்னொரு உருவம். ஒரு பழைய போட்டோவில் இருக்கும் ஜன்னல் இப்போதைய சுவரில் இல்லை. எல்லாமே கண்ணெதிரில் இருந்தும் பார்க்கப்படாத விஷயங்கள். கதாநாயகனாக டேவிட் ஹெமிங்ஸைப் போட்டதும் சும்மா இல்லை. அன்டோனியோனியின் 'ப்ளோ அப்' (1966) படத்தில், தான் எடுத்த போட்டோவில் இருப்பதைத் தானே கவனிக்காத ஆளாக நடித்தவர் அவர்.

சரி, அந்தக் காமெடிக் காட்சிகள்? நிருபர் ஜியான்னாவின் ஓட்டைக் காரில் மார்க்கின் சீட் அமுங்குவது, பெண்கள் பலவீனமானவர்கள் என்று பேசும் மார்க்கை அவள் கைமல்யுத்தத்தில் தோற்கடிப்பது. அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் படத்தில் 20 நிமிடத்துக்கும் மேல் வெட்டினார்கள், அதில் இந்தக் காட்சிகள்தான் அதிகம் அடிபட்டன. "தேவையில்லாத இழுவை" என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் யோசியுங்கள். பெண் என்றால் பலவீனம் என்று நினைப்பவனுக்கு, கண்ணாடியில் ஒரு வயதான பெண்ணின் முகம் தெரிந்தால் எப்படிக் கொலைகாரியாகத் தெரியும்? சுவரில் மாட்டிய படமாகத்தான் தெரியும். அந்தக் கைமல்யுத்தம்தான் படத்தின் மிகப்பெரிய க்ளூ. அதை வெட்டினால் மிஞ்சுவது வெறும் கோடாரி.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. ஓட்டைகளையும் சொல்லத்தான் வேண்டும். 'லாஜிக் பார்க்காதே' கோஷ்டி படத்துக்குச் செய்யும் கெடுதலே, இந்த ஓட்டைகளைப் பற்றிப் பேசவிடாமல் செய்வதுதான்.

முதல் ஓட்டை: மார்க் எங்கே போனாலும் கொலைகாரி அவனுக்கு முன்னால் அங்கே இருக்கிறாள். எப்படி? பதில் இல்லை. பேராசிரியர் வீட்டில் ஒரு இயந்திர பொம்மை கதவைத் திறந்துகொண்டு ஓடிவரும். பார்க்கும்போது தூக்கிவாரிப் போடும், நிஜம். ஆனால் அந்தம்மா அதை எப்போது கொண்டுவந்து எப்படி சாவி கொடுத்தாள்? பார்ப்பதைப் பற்றி இவ்வளவு நேர்மையாக இருக்கும் படம், வருவது போவதில் ஏமாற்றுகிறது.

இரண்டாவது: பைத்தியம் என்ற ஒற்றை வார்த்தையில் எல்லாவற்றையும் முடிப்பது. கணவன் மறுபடி மனநல மருத்துவமனைக்கு அனுப்பப் பார்த்தான், அதனால் குத்தினாள். அவ்வளவுதான் அவள் கதை! அந்த வேடத்தில் இருப்பது யார்? விஸ்கோன்தியின் 'ஒஸ்ஸெஸ்ஸியோனே' (1943) கதாநாயகி க்ளாரா கலமாய். அப்படிப்பட்ட நடிகையைக் கொண்டுவந்துவிட்டு, இரண்டு மூன்று காட்சி, ஒரு கத்தி, கடைசியில் லிஃப்டில் மாட்டிய சங்கிலி. மன நோய் வந்தவர்கள் என்றால் கொலைகாரர்கள் என்ற பொய்யை சினிமா எத்தனை வருஷமாக விற்கிறது! ரசிகர்கள் இதைக் கேள்வியே கேட்காமல் விடுவதுதான் எனக்குக் கடுப்பு.

மூன்றாவது: கொலைகளில் கேமரா காட்டும் ருசி. வெந்நீரில் ஒரு பெண்ணின் முகத்தை அழுத்துவதை அத்தனை நேரம் காட்ட வேண்டியதில்லை. கறுப்புக் கையுறைக்குள் இருப்பது அர்ஜெண்டோவின் சொந்தக் கைகள் என்று தெரிந்தபின் அது இன்னும் நெருடுகிறது. கோப்ளின் குழுவின் அட்டகாசமான இசை அந்த நெருடலை மறக்கடிக்கிறது. இசையின் வெற்றிதான், ஆனால் ஆபத்தான வெற்றி.

ஆக, இது மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கும் படம் இல்லை. மூளையோடு பார்த்தால்தான் எங்கே அசத்துகிறது, எங்கே கோட்டை விடுகிறது என்று தெரியும். ரத்தக் குளத்தில் தெரியும் மார்க்கின் முகத்தோடுதான் படம் முடிகிறது. கடைசி ஷாட் வரை 'பாரு, ஒழுங்காகப் பாரு' என்று கத்தும் ஒரு படத்தை, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் போதும் என்கிறீர்களே, இது நியாயமா?