ரசமட்டமும் மூடிய கதவும்

கொத்தனாரின் கையில் மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு என மூன்று கருவிகள் உண்டு. 1717இல் இலண்டனில் தலைமைச் சபை கண்ட பிரிமேசன் சங்கத்தார் இவற்றையே தம் சின்னங்களாகக் கொண்டனர். மூலைமட்டம் நேர்மையையும், தூக்குக்குண்டு நெறி பிறழாமையையும், ரசமட்டம் சமத்துவத்தையும் குறிக்கும் என்பர். மன்றத்தினுள் பிரபுவும் வணிகனும் ஒரே நிரையினர் என்பது அவர்கள் பெருமையுடன் சாற்றும் கொள்கை. கொள்கை உயர்ந்ததே. அதன்படி ஒழுகினரா என்பதன்றோ கேள்வி?

1775இல் பாஸ்டன் நகரில் பிரின்ஸ் ஹால் என்னும் கறுப்பரும் அவர்தம் தோழர் பதினால்வரும் பிரிட்டிஷ் படைப்பிரிவைச் சார்ந்த மன்றமொன்றில் உறுப்பினராயினர். 1784இல் இலண்டன் தலைமைச் சபையே அவர்களுக்குத் தனிச் சாசனம் வழங்கியது. அடிமைமுறையை ஒழிக்குமாறு 1777இல் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு விண்ணப்பித்தோருள் ஹாலும் ஒருவர். கறுப்பினக் குழந்தைகளின் கல்விக்காக 1787இலும், கடத்திச் செல்லப்பட்ட கறுப்பரை மீட்பதற்காக 1788இலும் அவர் மீண்டும் மனுச் செய்தார். அறப்பணி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயினும் அண்டை வீதியின் வெள்ளைச் சகோதரர்கள் அவர்களைச் சகோதரராக ஏற்றிலர். 1813இல் இங்கிலாந்தின் இரு தலைமைச் சபைகளும் ஒன்றானபோது, கறுப்பர் மன்றத்தின் பெயர் பதிவேட்டிலிருந்தே மறைந்தது. கனெக்டிகட் மாநிலத் தலைமைச் சபை அவர்களை அங்கீகரித்தது 1989இல். இலண்டன் மாசச்சூசெட்ஸ் கறுப்பர் சபையை அங்கீகரித்ததோ 1994இல். சாசனம் வழங்கியதற்கும் இதற்கும் இடையே 210 ஆண்டுகள்!

“சங்கம் ஆற்றிய தொண்டை மறக்கலாமா?” என வினவுவோர் உளர். மறக்க வேண்டுவதில்லை. பிரிமேசன்களிடையே தோன்றிய ஷிரைனர் அமைப்பு 1922இல் ஷ்ரீவ்போர்ட்டில் குழந்தைகளுக்கென மருத்துவமனை திறந்தது, அஃது அரும்பணியே. ஆனால் ஈகை வேறு, சகோதரத்துவம் வேறு. கீழே நிற்பவனுக்கும் ஈயலாம். அருகில் அமர்த்துவது சமமானவனை மட்டுமே.

“தனியார் சங்கம் தன் உறுப்பினரைத் தானே தெரிந்துகொள்ளும்” என்பது மற்றொரு வாதம். தெரிந்துகொள்ளட்டும், ஆனால் அத்தகைய சங்கம் ரசமட்டத்தை மார்பில் அணியலாகாது. தனக்கு வேண்டியவரை மட்டும் நேராகக் காட்டும் மட்டத்தை எந்தக் கொத்தனாரும் கையில் எடார்.

சின்னம் அணிகலன் அன்று, அளவுகோல். அதனை அணிபவன் முதலில் தன்னையே அளந்துகொள்ளல் வேண்டும். எந்தச் சங்கத்தையும் அதன் நன்கொடைப் பட்டியலைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. அதன் வாயிலில் யார் நிறுத்தப்பட்டனர், எத்தனை ஆண்டுகள் நிறுத்தப்பட்டனர் என்பதையும் கேட்க வேண்டும். அதுவே நேர்மையான கணக்கு.