விண்ணப்பத்தாளின் வயதுக் கட்டம்

ரயில் முன்பதிவு விண்ணப்பத்தாளில் பெயருக்கு அருகே வயதும் கேட்கப்படுகிறது. மைசூர் வாழ் தமிழன்பர்கள் பலர் அதனை ஒரு சடங்காக எண்ணியே நிரப்புகின்றனர். ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கோ, ஒரு குடும்பத்திற்கு இன்று என்ன தேவை என்பது அக்கட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது.

மணமான புதிதில் ஊர்ப் பயணம் எளிது. படுக்கை கிடைக்காவிடினும் தம்பதிகள் உட்கார்ந்தேனும் போய்ச் சேர்வர். குழந்தை பிறந்ததும் கணக்கு மாறுகிறது. 5 வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். தனிப் படுக்கையும் இல்லை. தாய்தான் இரவெல்லாம் ஒருக்களித்துக் கிடக்கிறாள். பிறகு 12 வயது நிரம்பும்வரை, படுக்கை வேண்டாமெனில் பாதிக் கட்டணம். வேண்டுமெனில், 2016 ஏப்ரல் முதல், முழுக் கட்டணம். பள்ளியில் சேர்த்துவிட்டாலோ பணத்தைவிட நாள்தான் அரிதாகிறது. தசராவுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊரே முந்துகிறது. முன்பதிவுக் காலமும் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுள்ளது.

இவையனைத்தும் குடும்பத் தலைவர் தாமே படும் பாடு, ஆகையால் மறப்பதில்லை. மறந்துபோவது பெற்றோரின் தேவை.

ஊரில் தனித்திருந்த தாயை இங்கே அழைத்து வந்ததும் கடமை முடிந்ததென எண்ணுவோர் உளர். வந்த அம்மையாருக்கோ அண்டை வீட்டாருடன் பேசக் கன்னடம் தெரியாது. பேரப்பிள்ளைகள் தமக்குள் பேசுவதும் விளங்குவதில்லை. ஆண்டுக்கொரு முறை ஊர் சென்று, தம் வயதினருடன் இரண்டு மாதம் இருந்து வருவது அவருக்கு மருந்து போன்றது. தூத்துக்குடி வண்டி மாலையில் புறப்பட்டு இரவெல்லாம் ஓடுவது. முழங்கால் வலியுடன் நடுப் படுக்கையில் எங்ஙனம் ஏறுவார்?

60 வயது நிரம்பிய ஆடவர்க்கும் 45 வயது நிரம்பிய பெண்டிர்க்கும் கீழ்ப் படுக்கையில் தனி ஒதுக்கீடு உண்டு. தனியே செல்லும் கர்ப்பிணிகளுக்கும் உண்டு. ஆயின், முதியோர் ஒருவராகவோ இருவராகவோ தனிச் சீட்டில் செல்லவேண்டும். வீட்டார் ஆறு பேரையும் ஒரே தாளில் எழுதிவிட்டால் பாட்டியார் அவ்வொதுக்கீட்டை இழக்கிறார். தனித் தாளில் எழுதினால் வேறு பெட்டி அமையுமே என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானதே, ஆனாலும் இரவில் இருமுறை எழுந்து போய்ப் பார்த்து வருவது மகனுக்கு அவ்வளவு கடினமன்று.

ஆடவர்க்கு 40 விழுக்காடும் பெண்டிர்க்கு 50 விழுக்காடுமாக இருந்த முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. மகனிடம் கை நீட்டாமல், முந்தானையில் முடிந்த பணத்தில் ஊர் போய்வந்த தாய்மார்களுக்கே அது பேரிழப்பு. இப்போது பயணச் செலவை மகன் கொடுப்பதால் பயண நாளையும் அவரே குறித்துவிடுகிறார். இது நமக்கு உவப்பாயில்லை.

அடுத்த முறை தாளை நிரப்புமுன், என்று புறப்பட விருப்பம், என்று திரும்ப விருப்பம் என வீட்டுப் பெரியவரையே கேளுங்கள். திரும்பும் நாளை அவர் சற்றுத் தள்ளிச் சொன்னால் மனம் வருந்த வேண்டா.