விவசாயி என்றால் ஆம்பளை மட்டும்தானா?

சென்னையில் யாரையாவது நிறுத்தி "ஒரு விவசாயியை வரைந்து காட்டுங்க" என்று சொன்னால் என்ன வரைவார்கள்? தலையில் முண்டாசு, தோளில் கலப்பை, பக்கத்தில் ரெண்டு மாடு. மயிலாப்பூர் மாட வீதியில் கீரை பேரம் பேசுகிறவரும் சரி, தி.நகரில் பொங்கலுக்குத் துணி எடுக்க வந்தவரும் சரி, இதையேதான் வரைவார்கள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் குனிந்து நிற்கிற பெண்ணை ஒருத்தரும் வரைய மாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "அது நாத்து நடுற பொம்பளை" என்பார்கள். விவசாயி இல்லையாம்!

படம் வரைகிறவர்கள் இப்படி நினைத்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். கணக்கு எடுக்கிற அரசாங்கமும் இப்படியே நினைத்தால்?

மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் நடுவே, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை இருக்கிறது. எத்தனை ஏக்கரில் நெல், எவ்வளவு கரும்பு, விளைச்சல் என்ன என்ற கணக்கெல்லாம் வந்து சேரும் இடம். அந்தக் கணக்கு பிறக்கும் இடமோ கிராம நிர்வாக அலுவலரின் ஏடுகள். பட்டா, சிட்டா, அடங்கல். அங்கே பயிருக்குப் பெயர் உண்டு, சர்வே எண்ணுக்கு இடம் உண்டு, பட்டாதாரருக்கும் பெயர் உண்டு. நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தவளுக்கு?

சரி, எண்களைப் பார்ப்போம்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நிலத்தை நிர்வகித்துச் சாகுபடி செய்பவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம். அவர்கள் கையில் இருக்கும் பரப்பு 12 சதவீதம்கூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ சாகுபடியாளர்களில் 30 சதவீதம் பெண்கள் என்கிறது, அதாவது சுமார் 3.6 கோடி பேர். இதற்கு மேல் விவசாயக் கூலிகளாக 6 கோடிக்கும் அதிகமான பெண்கள். 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பில், கிராமத்தில் வேலை செய்யும் பெண்களில் 76 சதவீதம் பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆண்களில் 49 சதவீதம்தான்.

"இதெல்லாம் வேற வேற கேள்விக்கான பதில், ஒப்பிடக் கூடாது" என்று யாராவது சொல்லலாம். ரொம்ப சரி. விஷயமே அதுதான். "யார் வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டால் பெண்கள் வந்து நிற்கிறார்கள். "நிலம் யார் பொறுப்பில்?" என்று கேட்டால் காணாமல் போகிறார்கள். தமிழ்நாடு போல நிலப் பதிவேடு உள்ள மாநிலங்களில் வேளாண் கணக்கெடுப்பு அந்தப் பதிவேட்டிலிருந்துதான் தொகுக்கப்படுகிறது. 1970-71ல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பில் ஆணா பெண்ணா என்ற விவரத்தைச் சேகரிக்கவே 1995-96 வரை ஆயிற்று!

பட்டாவில் ஏன் அவள் பெயர் இல்லை? சட்டம் இருக்கிறதே? இருக்கிறது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே கொண்டுவந்தது. மத்திய அரசு 2005ல்தான் விழித்தது. ஆனால் கல்யாணமாகிப் போன பெண் அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுக்கிற பத்திரத்துக்கு என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை என்றுதான் தெரியவில்லை.

கேள்வியை மாற்றினால் கோடிக்கணக்கான பெண்கள் மறைந்துபோவார்கள் என்பதற்குப் பழைய உதாரணமே இருக்கிறது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பருவத்தின் பெரும்பகுதி தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தாலே தொழிலாளி. 1971ல் "உங்கள் முக்கியமான வேலை என்ன?" என்று கேள்வி மாறியது. அடுப்பும் பார்த்து வயலும் பார்க்கிற பெண் என்ன சொல்வாள்? "வீட்டு வேலை" என்றாள். விளைவு, சுமார் 28 சதவீதமாக இருந்த பெண்களின் உழைப்புப் பங்கேற்பு ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. பத்து வருஷத்தில் பாதிப் பெண்கள் வயலை விட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களா என்ன? 1991ல் "கூலியில்லாமல் சொந்த வயலில் செய்யும் வேலையும் சேர்த்து" என்று கேள்வியிலேயே எழுத வேண்டியிருந்தது.

"பொம்பளைங்களே 'சும்மாதான் இருக்கேன்'னு சொல்றாங்க, கணக்கு எடுக்கிறவர் என்ன செய்வார்?" என்பது வழக்கமான சால்ஜாப்பு. பல வீடுகளில் பதில் சொல்வது அவளே இல்லை, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆண். "சம்சாரம் சும்மாதான் இருக்கா" என்கிறார். காலையில் மாட்டுக்குப் புல், பிறகு களை, மத்தியானம் சோறு, சாயங்காலம் விறகு. இதற்குத் தமிழில் பெயர் 'சும்மா'. தேசிய மாதிரி ஆய்வில் இதற்கு ஒரு எண்ணே உண்டு: 93. வீட்டு வேலையோடு விறகு, தீவனம் சேகரிப்பவர். அந்த எண் விழுந்தால் அவள் உழைப்பாளர் பட்டியலில் வரமாட்டாள். "என்ன வேலை?" என்று கேட்காமல் "மணிக்கு மணி என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை 1998-99ல் தமிழ்நாடு உள்ளிட்ட 6 மாநிலங்களில் செய்து பார்த்தார்கள். நாடு முழுவதும் செய்ய 2019 ஆயிற்று.

இன்னும் வேடிக்கை, குறைந்தபட்ச ஆதரவு விலைக் கணக்கு. விதை, உரம், கூலி என்று கையிலிருந்து போன காசோடு குடும்பத்தார் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போட்டுக் கூட்டுகிறார்கள். அதுதான் 'ஏ2+எஃப்எல்'. ஆக, செலவுப் பக்கத்தில் அவள் வியர்வைக்கு ரூபாய் கணக்கு இருக்கிறது. விவசாயி என்ற பட்டியலில் பெயர் இல்லை. உழைக்கிற பங்குதாரரின் பெயர் பத்திரத்திலேயே இல்லாத கூட்டு நிறுவனம் இது. பி.காம். முதல் வருஷ மாணவன்கூட இதை ஒத்துக்கொள்ள மாட்டான்.

"பெயரில் என்ன இருக்கிறது, பணம் குடும்பத்துக்குத்தானே போகிறது" என்பார்கள். எல்லாமே பெயரில்தான் இருக்கிறது. 2019ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நிலம் யார் பெயரிலோ அவர் கணக்குக்கு. 2024ல் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் வேளாண் திட்டத்தின் விவசாயி அடையாள எண்ணும் நிலப் பதிவோடுதான் ஒட்டியிருக்கிறது. கடன், காப்பீடு, வெள்ள நிவாரணம் எதற்குப் போனாலும் முதலில் கேட்பது சிட்டா. கடன் தாங்காமல் ஒரு பெண் விவசாயி உயிரை மாய்த்துக்கொண்டால்கூட, நிலம் பெயரில் இல்லாததால் அவள் விவசாயத் தற்கொலைப் பட்டியலில் வருவதில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பல வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார். செத்த பிறகும் 'இல்லத்தரசி'!

மாற்றவே முடியாதா? அமெரிக்காவில் 2017 வேளாண் கணக்கெடுப்பில் ஒரு பண்ணைக்கு நான்கு பேர் வரை பதியலாம் என்றார்கள், முடிவெடுப்பதில் யார் யாருக்குப் பங்கு என்று கேள்வியையும் திருத்தினார்கள். 2012ஐ விடப் பெண்களின் எண்ணிக்கை 27 சதவீதம் கூடியது. பெண்கள் முன்பே அங்கேதான் இருந்தார்கள், கேள்விதான் புதுசு. இங்கே, அடையாறுக்குப் பக்கத்தில் தரமணியில் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய எம்.எஸ். சுவாமிநாதன், நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெண் விவசாயிக்குச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2012ல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2013ல் அது காலாவதியானது. அவரும் 2023ல் காலமாகிவிட்டார். மசோதாவை எடுத்துத் தூசு தட்டத்தான் ஆளில்லை.

செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

1. பெண்ணைப் பற்றி அவளிடமே கேளுங்கள். திண்ணையில் இருப்பவரிடம் வேண்டாம்.
2. ஒரு நிலத்துக்கு ஒரு பெயர் என்ற கட்டத்தை உடைத்து, சேர்ந்து சாகுபடி செய்பவர் எல்லாரையும் எழுதுங்கள்.
3. நிலம் யாருடையது என்பதும் பயிர் யார் செய்கிறார் என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 என்று 2025ல் அறிவித்தார்கள். அதற்கும் பழைய கேள்வியையே எடுத்துக்கொண்டு போனால், இன்னொரு பத்து வருஷத்துக்கு அவள் 'சும்மா'தான் இருப்பாள். இன்று காமர்ஸ் படிக்கிறவர்கள்தான் நாளைக்கு வங்கியில் உட்கார்ந்து பயிர்க்கடன் விண்ணப்பத்தைப் பார்க்கப் போகிறார்கள். எதிரில் நிற்கிற பெண்ணிடம் "உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா" என்று சொல்வதற்கு முன்னால், அந்த நெல்லை நட்டது யார் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.