போர் விளையாட்டில் யார் முகம், யார் பாட்டு?

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டம் முடிந்து எல்லோரும் டீக்கடைக்குக் கிளம்பிய பிறகும் ஒரு மாணவர் மட்டும் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். பொறியியல் மூன்றாம் ஆண்டு. "தோழர், ஒண்ணு காட்டணும். சிரிக்கக் கூடாது" என்றார். திரையில் உலக வரைபடம். 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' என்ற இரண்டாம் உலகப்போர் விளையாட்டு.

"இதுக்கு ஒரு மாட் பண்றேன் தோழர். பிரிட்டிஷ் இந்தியாவை எடுத்து ஆடும்போது அந்தக் காலத்துப் பாட்டும் படமும் வரணும். பாட்டு நிறைய கிடைச்சிடுச்சு. நம்ம ஆளுங்க படம்தான் கிடைக்கல. எங்க தேடுறது?"

நான் சிரிக்கவில்லை. ஆனால், 'இருக்கிற வேலையில் இது ஒன்றா' என்றுதான் முதலில் தோன்றியது. வீடு வந்து சேர்வதற்குள் அந்த எண்ணம் தவறு என்று புரிந்தது. அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே விரித்து எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்டது. 1936இலோ 1939இலோ ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை கட்டலாம், படை திரட்டலாம், போர் தொடுக்கலாம். ஆடுபவர்களே அதைத் திருத்திக்கொள்ளவும் வழி உண்டு. அந்தத் திருத்தத்துக்குப் பெயர்தான் மாட். பாட்டு சேர்க்க வேண்டுமா? உரிய வடிவத்துக்கு மாற்றி, ஒரு பட்டியலில் பெயரை எழுதினால் போதும். தலைவர் படம் மாற்ற வேண்டுமா? 156க்கு 210 பிக்சல் அளவில் ஒரு படம் வெட்டிப் போட வேண்டும்.

அந்த 156க்கு 210 சட்டத்துக்குள் யார் வருகிறார்கள்? பிரதமர் வருகிறார். தளபதி வருகிறார். சிப்பாய் வருவதில்லை. அவர் திரையின் மேல் ஓரத்தில் 'மேன்பவர்' என்ற எண்ணுக்குள் இருக்கிறார். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். விளையாட்டில் அவர்கள் கூடிக் குறையும் ஓர் எண்.

இதற்காக நிறுவனத்தின் மேல் பாய வேண்டியதில்லை. அந்தப் போரை நடத்தியவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். ஆனால் ஒரு பாட்டையும் ஒரு படத்தையும் சேர்க்கும்போது, அந்த எண்ணுக்குள் இருந்து யாரோ ஒருவரை வெளியே எடுத்து முகம் கொடுக்கிறோம். யாரை எடுக்கிறோம், யாரை உள்ளேயே விடுகிறோம் என்பது அரசியல். 'நான் சும்மா பழைய பாட்டுதான் போட்டேன்' என்பதும் அரசியல்தான்.

முதலில் பாட்டு. அந்த மாணவர் சேர்த்து வைத்திருந்தவற்றில் 'எரிகா' என்ற ஜெர்மன் அணிவகுப்புப் பாட்டும் இருந்தது. ரீல்ஸில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு பூவையும் ஒரு பெண்ணையும் பற்றிய, காலைத் தாளம் போட வைக்கிற பாட்டு. அதை எழுதிய ஹெர்ம்ஸ் நீல் நாஜிக் கட்சி உறுப்பினர். அதைப் பாடிக்கொண்டு நடந்தது ஹிட்லரின் படை. 'பான்சர்லீட்' என்ற டாங்கிப் படைப் பாட்டும் பட்டியலில் இருந்தது. அது இடம்பெற்ற பாட்டுப் புத்தகத்தின் விநியோகத்தை 2017இல் ஜெர்மன் ராணுவமே நிறுத்தி வைத்தது. பாட்டு வெறும் பாட்டு என்றால் ஒரு ராணுவம் ஏன் அதற்குக் கவலைப்பட வேண்டும்?

நமக்கு இது புதிதல்ல. மசூதி வாசலில் ஊர்வலத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கோயில் திருவிழாவில் சாதிப் பெருமைப் பாட்டைப் போட்டு, சேரித் தெரு முனையில் அதன் சத்தத்தைக் கூட்டுவது எதற்கு என்று நமக்குத் தெரியும். தாளம் உடம்புக்குள் முதலில் நுழைகிறது. பொருள் பின்னால் வருகிறது. வரும்போது நாம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்போம்.

இன்னொரு மெட்டு. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் 1957இல் வந்தது. கைதிகளான பிரிட்டிஷ் சிப்பாய்கள் சீட்டியடித்தபடி நடந்து வரும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அந்த மெட்டின் பெயர் 'கர்னல் போகி'. 1914இல் ஒரு பிரிட்டிஷ் ராணுவ பேண்ட் மாஸ்டர் போட்டது. இன்று சயாம் மரண ரயில் என்றால் பலருக்கு நினைவு வருவது அந்தச் சீட்டிதான்.

அந்த ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942, 43இல் ஜப்பானிய ராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்கப் போட்டது. அதில் செத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களின் சாவு 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர்களோடு மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் அதில் உண்டு. அந்தத் தோட்டத் தமிழர்களில் கணிசமானவர்கள் கங்காணிகள் நம் சேரிகளில் இருந்து கப்பலேற்றிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. ரொனால்ட் சேர்ல், ஜாக் சாக்கர் போன்ற கைதிகள் உயிரைப் பணயம் வைத்து மறைத்து வரைந்த ஓவியங்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. அவர்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காலராவில் செத்துக் காட்டோரம் குழிகளில் தள்ளப்பட்ட தோட்டத் தொழிலாளிக்குக் கல்லும் இல்லை, ஓவியமும் இல்லை, சீட்டியும் இல்லை. மலேசியாவின் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவல் எழுதினார். அதைப் படித்தவர்கள் எத்தனை பேர், அந்தச் சீட்டியைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

விளையாட்டில் 'கர்னல் போகி'யை மட்டும் சேர்த்தால் அந்தக் கணக்கையே நாமும் தொடர்கிறோம். பர்மா எல்லையில் ரயில் பாதை போடுவது அங்கே சுட்டியின் ஒரு சொடுக்கு. அந்தச் சொடுக்குக்கு அடியில் யார் கிடக்கிறார்கள்?

அடுத்து, மாணவர் கேட்ட கேள்வி: நம் ஆட்களின் படம். நம்மவர் அந்தப் போரில் சிப்பாய்களாகவும் இருந்தார்கள். அதற்குள் நுழையவே போராட வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராபர்ட்ஸ் போன்ற பிரிட்டிஷ் தளபதிகள் 'போர்க்குல'க் கொள்கையைப் பிடித்துக்கொண்டார்கள். தலைமுறைகளாகப் படையில் இருந்த மகர்களுக்குக் கதவு மூடப்பட்டது. சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகனான அம்பேத்கருக்கு இது குடும்பக் கதை. முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது மகர் படைப்பிரிவு வந்தது. போர் முடிந்ததும் கலைக்கப்பட்டது. 1941இல் வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அம்பேத்கர் இடம்பெற்றார். அந்த ஆண்டு அக்டோபரில் பெல்காமில் மகர் ரெஜிமென்ட் தொடங்கியது. அதன் தொப்பிச் சின்னத்தில் முதலில் இருந்தது பீமா கோரேகான் தூண். 1943இல் அமைந்த சமர் ரெஜிமென்ட் கோஹிமாவில் போரிட்டது. 1946இல் அதைக் கலைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் விளையாட்டில் கொண்டுவரலாம், கொண்டுவரத்தான் வேண்டும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. 'நாங்களும் வீரர்கள்தான்' என்று சொல்வதோடு நின்றுவிட்டால், ராபர்ட்ஸின் பட்டியலில் நம் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறோம், அவ்வளவுதான். பட்டியலே பொய் என்று சொல்லவில்லை. மனிதர் மதிப்பைக் கொல்லும் திறமையால் அளக்கும் அந்த அளவுகோல் நமக்கு எதற்கு? அம்பேத்கர் படையில் சேரச் சொன்னது போரின் மேல் ஆசைப்பட்டு அல்ல. தீண்டாதவன் என்று ஒதுக்கப்பட்டவனுக்குச் சம்பளமும் சீருடையும் படிப்பும் நிமிர்ந்து நடக்கும் உரிமையும் கிடைக்கும் இடமாக அதைப் பார்த்தார். நாஜிகள் வென்றால் உலகம் என்னவாகும் என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது.

'ஏகாதிபத்தியப் படையை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?' என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். கொண்டாட வேண்டாம். பதிவு செய்வோம். நம்மவர் பெயரில்லாத வரலாற்றை ஏற்கெனவே அடுத்தவர்கள் போதுமான அளவுக்கு எழுதிவிட்டார்கள்.

ஆகவே, மாட் செய்யும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

ஒன்று, போர்க்காலப் படம் என்றால் போர்முனைப் படம் மட்டும் அல்ல. 1943இல் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர் பஞ்சத்திலும் அதையொட்டி வந்த நோயிலும் செத்தார்கள். முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத கூலிகளும் மீனவர்களும். சுனில் ஜானா எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. சித்தபிரசாத் வரைந்த 'ஹங்கிரி பெங்கால்' புத்தகத்தைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து எரித்தது. ஓர் அரசு எரித்த படத்தைவிட முக்கியமான போர்க்காலப் படம் எது? விளையாட்டில் நிகழ்வுப் பெட்டி என்று ஒன்று உண்டு. அதில் ஒரு படமும் நாலு வரியும் போடலாம். படத்துக்கு உரிமை யாரிடம் என்று கேட்டு, எடுத்தவர் பெயரையும் போடுங்கள்.

இரண்டு, ஆவணக் காப்பகப் படங்களில் பலவற்றை எடுத்தது ராணுவத்தின் விளம்பரப் பிரிவு. சிரிக்கும் சிப்பாயின் படம் ஆள் சேர்க்க எடுத்த படமாக இருக்கலாம். யார் எடுத்தது, எதற்கு எடுத்தது என்று பார்க்காமல் ஒட்டாதீர்கள்.

மூன்று, பாபாசாகேப் படத்தை அந்த 156க்கு 210 சட்டத்தில் வைத்து, கீழே 'அரசியல் சக்தி கூடும்' என்று ஓர் எண்ணை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 1942இல் அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். போரின் நடுவே தொழிலாளர் உரிமைக்காக வேலை செய்த மனிதர். அதை எழுதுங்கள்.

நான்கு, பறையை வெறும் போர்முழக்கமாகச் சேர்க்காதீர்கள். சாவுக்கு அடிக்க வற்புறுத்தப்பட்ட கருவி, அந்த வற்புறுத்தலை மறுத்து நம் மேடைக்கு வந்த கருவி. அடுத்தவன் நாட்டைப் பிடிக்கும்போது பின்னணியில் ஒலிக்க அது வரவில்லை.

அந்த மாணவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "உங்க வீட்ல யாராவது மலாயாவுக்கோ பர்மாவுக்கோ போனாங்களா?" யோசித்தார். பாட்டியின் அப்பா பினாங்கு போய்த் திரும்பி வரவே இல்லை என்று வீட்டில் சொல்வார்களாம். பெயர் தெரியாது. படமும் கிடையாது.

"அப்ப முதல்ல பாட்டிகிட்ட உக்காந்து அவர் பெயரைக் கேளுங்க" என்றேன். போன ஞாயிறு பேசினார். பெயர் கிடைத்துவிட்டதாம். படம் இல்லாததால் அந்தச் சட்டத்தைக் காலியாகவே விட்டு, கீழே பெயரை மட்டும் போடப் போகிறாராம்.

செய்யட்டும்.