தோளைத் தளர்த்து, சுமையை இறக்காதே!

உளநெருக்கீட்டைக் குறைப்பதற்கென்று நிறுவனங்கள் தமது ஊழியர்களுக்குத் ‘தளர்வுப் பயிற்சி’ நடத்துகின்றன. விடுதி மண்டபத்தில் அரைநாள் பட்டறை, மதிய உணவு, சான்றிதழ், குழுப்படம். மறுநாள் காலை அதே ஆட்குறைப்பு, அதே நள்ளிரவுத் தொலைபேசி அழைப்பு. இதனை ஊழியர் நலன்பேணல் என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்கிறார்கள். நான் இதனை ஏமாற்று என்றே சொல்வேன்.

பயிற்சியை நான் பழிக்கவில்லை. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் இதுபற்றிய தமது நூலை 1929இல் வெளியிட்டார். மனம் பதறும்போது தசை இறுகுகிறது. தசையை முற்றாகத் தளரவிட்டால் பதற்றமும் அடங்கும் என்பது அவரது கருத்து. செய்முறை எளிது. கையைப் பொத்தி ஐந்தாறு விநாடிகள் இறுக்கி, சட்டென விட்டு, அரை நிமிடமளவில் அந்தத் தளர்வைக் கவனிக்க வேண்டும். பின்னர் புயம், நெற்றி, தாடை, கழுத்து, தோள், வயிறு, கால் என ஒவ்வொன்றாக. (நோவுள்ள இடத்தை இறுக்கலாகாது.) இறுக்கம் எது, தளர்வு எது என்று பிரித்தறியப் பழகுவதே நோக்கம். நாள் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பத்திரிகையாளருக்கு அறவே தெரியாது!

அந்த அறிவு அரைநாளில் வாய்ப்பதன்று. ஜேக்கப்சனின் மூலமுறை மாதக்கணக்கில் நீண்டது. பின்னர் ஜோசப் வோல்ப் அதனைச் சுருக்கினார். 1973இல் பேர்ன்ஸ்டீனும் போர்க்கோவெக்கும் 16 தசைத் தொகுதிகளாக வகுத்தளித்த முறையும் நாளாந்த வீட்டுப் பயிற்சியைக் கேட்கிறது. பட்டறைக்காரர்கள் விற்பது இவற்றின் பெயரை மட்டுமே.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இத்தகைய பயிற்சிகளைச் சாந்தியாசனம், மந்திர உச்சாடனம் என மக்களின் மரபோடு இணைத்தே பயன்படுத்தினார். அங்கே ஒரு பாயும் சிறிது நேரமும் போதுமாயிருந்தன. ஷெல் வீச்சை அது நிறுத்திவிடும் என்று எவரும் கதை விடவில்லை. நோயாளியின் துன்பத்துக்குக் காரணம் நோயாளியே என்றும் சொல்லவில்லை. இன்றைய பட்டறைகள் சொல்லாமற் சொல்வது அதைத்தான்: உனக்கு மூச்சுவிடத் தெரியவில்லை, தோளைத் தளர்த்தத் தெரியவில்லை, ஆகவே களைத்துப் போகிறாய்.

நான் பணியாற்றிய நாளிதழ் ஒன்றில் மூவரின் வேலையை ஒருவர் செய்தார். தலையிடி மாத்திரைகள் ஆசிரிய பீடத்து மேசை இலாச்சியிலேயே இருந்தன. அங்கே தேவைப்பட்டது பயிற்றுநர் அல்லர், மேலும் இரண்டு உதவி ஆசிரியர்கள்.

ஆகவே, அடுத்த பட்டறைக்கு அழைக்கப்படும் நண்பர்கள் தம்மை அனுப்பிவைக்கும் முகாமையாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். கற்றுக்கொண்டதைச் செய்துபார்க்க வேலை நேரத்திலேயே நாள்தோறும் 20 நிமிடம் தருவீர்களா? வெற்றிடங்களை எப்போது நிரப்புவீர்கள்?