ஆட்டுக்கு முதலில், ஆளுக்குப் பிறகு!

குடற்புழு மாத்திரையைக் கோடிக்கணக்கில் இனாமாகக் கொடுக்கிறார்கள், பெரிய மருந்துக் கம்பெனிகளே தானம் செய்கின்றன, இதிலுமா உங்களுக்குக் குறை என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். தர்மப் பிரபுக்களின் கணக்கை நாமும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

உலகத்தில் சுமார் 150 கோடிப் பேர் வயிற்றில் நாக்குப்பூச்சியோ, கொக்கிப்புழுவோ, சாட்டைப்புழுவோ குடியிருக்கிறது. யார் இவர்கள்? செருப்பில்லாமல் வயலில் இறங்குகிறவர்கள், கக்கூஸ் வசதியில்லாத குடிசைகளில் வாழ்கிறவர்கள், அவர்களுடைய குழந்தைகள்.

இவர்களுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் முதலில் யாருக்காக வந்தது? ஆட்டுக்காக! ஐவர்மெக்டின் 1981ல் கால்நடை மருந்தாகச் சந்தைக்கு வந்தது. மனிதனுக்கு அனுமதி 1987ல். மாக்சிடெக்டின் கதை இன்னும் விசேஷம். கால்நடைக்கு 1990 வாக்கிலேயே கிடைத்தது. ஆப்பிரிக்க ஆற்றோரக் கிராமங்களில் புழுவால் கண்ணைப் பறிகொடுக்கும் மனிதனுக்கு அது அனுமதிக்கப்பட்டது 2018ல். அந்த அனுமதியையும் லாப நோக்கமில்லாத ஒரு ஸ்தாபனம்தான் வாங்கியது. ஏன் இந்த வரிசை? ஆட்டு மந்தைக்கு முதலாளி இருக்கிறான், அவன் கையில் பணம் இருக்கிறது. ஆற்றங்கரைக் குடியானவன் கையில் என்ன இருக்கிறது?

மெர்க் கம்பெனி 1987 முதல் ஐவர்மெக்டினை இனாமாகக் கொடுத்து வருவது உண்மை. அதனால் பல பேர் பார்வை தப்பியதும் உண்மை. நாம் மறுக்கவில்லை. அதே மருந்து கால்நடைச் சந்தையில் குவித்த பணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம்.

தானம் இல்லாத இடத்தில் இவர்கள் முகம் எப்படி இருக்கிறது? அமெரிக்காவில் 2010ல் அல்பெண்டசோல் ஒரு நாள் மருந்தின் பட்டியல் விலை 6 டாலருக்கும் கீழே. விற்பனை உரிமை அமெட்ரா என்ற கம்பெனி கைக்குப் போயிற்று. 2013ல் விலை 119 டாலருக்கு மேல்! மாத்திரை மாறவில்லை, போட்டிக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். அங்கே அந்த மருந்து பெரும்பாலும் தேவைப்பட்டது அகதிகளுக்கும் குடியேறிய ஏழைகளுக்கும்.

இனி சாட்டைப்புழு விஷயம். இது பெருங்குடல் சுவரில் தலையைச் செருகிக்கொண்டு கிடக்கும். அதிகமானால் குழந்தைக்கு ரத்தபேதி, வளர்ச்சி குன்றும். ஒரே ஒரு அல்பெண்டசோல் மாத்திரைக்கு இது லேசில் அசைவதில்லை. கூடவே ஐவர்மெக்டினையும் கொடுத்தால் நன்றாகப் பலிக்கிறது என்று இலங்கை டாக்டர்கள் 1999லேயே சோதித்து வெளியிட்டார்கள். இரண்டும் பழைய மருந்துகள். சேர்த்து ஒரே மாத்திரையாக்க எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? 2025ல்தான் ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் அதற்குச் சாதகமான கருத்துச் சொன்னார்கள். எத்தியோப்பியா, கென்யா, மொசாம்பிக் பிள்ளைகளிடம் நடந்த சோதனையில், தனி அல்பெண்டசோலில் சாட்டைப்புழு தீர்ந்தது 100க்கு 36 பேருக்கு. கூட்டு மாத்திரையில் 83 பேருக்கு. மூன்று நாள் கொடுத்தபோது 97 பேருக்கு! அந்தச் சோதனைக்குப் பணம் தந்தது ஐரோப்பாவின் பொதுநிதி. கம்பெனிகள் சும்மா இருந்த வருஷங்களில் எத்தனை கோடிப் பிள்ளைகள் அரைகுறை மருந்தை விழுங்கினார்கள்!

இன்னொன்று. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழு அதற்குப் பழகிவிடும். அல்பெண்டசோல் வகை மருந்துகள் பல நாடுகளில் ஆடுகளிடம் பலிக்காமல் போய்விட்டன. அந்தப் பாடத்தையும் ஆடுதான் முதலில் படித்திருக்கிறது.

நம் நாட்டில் 2015 முதல் பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாள். 1 வயது முதல் 19 வயது வரை கொடுப்பது தனி அல்பெண்டசோல். ஐவர்மெக்டின் சர்க்காருக்குப் புதிதல்ல. யானைக்கால் நோய்க்கான மும்மருந்தில் 2018 முதல் சில மாவட்டங்களில் கொடுக்கிறது. சாட்டைப்புழு உள்ள மாவட்டங்கள் எவை என்று மலப் பரிசோதனை செய்து கண்டுபிடித்து, அங்கே கூட்டு மாத்திரை கொடுக்க என்ன தடை? யார் தயாரிப்பது என்பார்கள். 1961ல் தொடங்கி, சோவியத் உதவியோடு ஆலைகள் கட்டிய ஐ.டி.பி.எல். இருந்ததே! அதை மூடிவிட 2016 டிசம்பரில் மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது. புழு மருந்தில் லாபமில்லை என்று தனியார் கையை விரித்தால், மந்திரிகள் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பார்கள்?