கலைஞருக்கு இலவச இடம்: திருவண்ணாமலையில் ஏன் வேண்டும்?

நுண்கலைக் கல்லூரியில் படிக்கும்வரை ஓவியருக்கும் சிற்பிக்கும் வேலை செய்யக் கூடம் இருக்கிறது. படிப்பு முடிந்தால் அதுவும் முடிந்தது. வாடகை வீட்டுச் சுவரில் வண்ணம் தெறித்தால் வீட்டுக்காரர் சத்தம் போடுவார். கல் செதுக்கினால் பக்கத்து வீட்டில் தூங்க முடியாது. வேறு வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரியில் வரையலாம் என்று தொடங்குபவர்கள் பலர், சில வருஷத்தில் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு உலகெங்கும் உள்ள ஏற்பாடுதான் ‘ரெசிடென்சி’.

ரெசிடென்சியில் என்ன கிடைக்கும்?

ஒரு மாதமோ மூன்று மாதமோ தங்க அறை, வேலை செய்யக் கூடம், கூடவே மற்ற கலைஞர்களின் துணை. நல்ல ரெசிடென்சிகள் ‘கடைசியில் எத்தனை படம் தருவீர்கள்?’ என்று கேட்பதில்லை. புதுசாக ஒன்றை முயன்று பார்த்து, அது சரிவராமல் போனாலும் பரவாயில்லை. டெல்லியில் 1997இல் தொடங்கிய ‘கோஜ்’ இந்த வழியில் இயங்குகிறது. லலித் கலா அகாடமியின் கர்ஹி ஸ்டூடியோக்களும் அங்கே 1976 முதல் கலைஞர்களுக்கு வேலை செய்ய இடம் தருகின்றன.

தமிழ்நாட்டில் முன்மாதிரி உண்டா?

உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரது மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். அன்று கடற்கரையோரம் நிலம் மலிவு. இன்றைய விலையில் இளம் கலைஞர்கள் கூட்டாகச் சேர்ந்தாலும் அது கட்டுப்படியாகாது. அதனால் இடத்தைப் பொது அமைப்புகள்தான் தர வேண்டியிருக்கிறது.

ஏன் திருவண்ணாமலை?

பலன் கேட்காமல் இடம் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. ரமணாசிரமத்தில் தங்கும் அறைக்குக் கட்டணம் கிடையாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால், இடம் இருப்பதைப் பொறுத்துச் சில நாள் தங்கலாம். தமிழாசிரியர் வேலையை விட்டு வந்த முருகனார், ரமணரின் அருகிலேயே வாழ்ந்து ஆயிரக்கணக்கான பாடல்கள் எழுதினார். சுவிட்சர்லாந்து எழுத்தாளர் எல்லா மையார் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்த ஊரில்தான் வருஷக்கணக்கில் தங்கியிருந்தார்.

ஆனால் ஆசிரமம் தியானத்துக்கு வருபவர்களுக்கானது. அங்கே ஓவியக்கூடத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வெளியே செங்கம் சாலைப் பக்கம் அறை எடுக்கலாம் என்றால், குளிர்காலத்தில் வெளிநாட்டினர் வரத்து கூடும், வாடகையும் ஏறும். உள்ளூர்ப் பிள்ளை ஒருவர் வரைய இடம் தேடினால் அந்த வாடகைதான் முதல் தடை.

என்ன செய்யலாம்?

பெரிய கட்டடம் தேவையில்லை. பயன்பாட்டில் இல்லாத அரசுக் கட்டடம் ஒன்றில் நல்ல வெளிச்சம், தண்ணீர்க் குழாய், அழுக்கானால் கவலைப்படத் தேவையில்லாத தரை, இரண்டு மூன்று தங்கும் அறைகள் போதும். கலை பண்பாட்டுத் துறையும் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்தால் செய்ய முடிகிற காரியம்தான். தேர்வைக் கலைஞர்களே செய்ய வேண்டும். சில இடங்கள் உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஒதுக்க வேண்டும். கடைசி நாளில் கதவைத் திறந்து ஊர்க்காரர்களை உள்ளே அழைத்தால் போதும், தலைவர் படம் வரைந்து கொடுக்கச் சொல்லக் கூடாது.

விண்ணப்பிப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘இலவசம்’ என்று அறிவிக்கும் எல்லா ரெசிடென்சியும் முழு இலவசம் கிடையாது. சாப்பாடு, பயணம், பொருள் செலவு யாருடையது, படைப்பை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.